சொல்லின் மூட்டு தெரிந்தால் போதும்: வெல்ஷ் சொற்களைப் பிரித்துப் பார்க்கப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேல்ஸுக்குப் புதிதாக வந்தவர் பார்க்கும் முதல் வெல்ஷ் சொல் பெரும்பாலும் தார்ச்சாலையில்தான் இருக்கும். வளைவு வருவதற்கு முன்னால் வெள்ளைப் பெயின்ட்டில் ஆங்கிலத்தில் ‘ஸ்லோ’ என்று எழுதியிருப்பார்கள். பக்கத்திலேயே நான்கெழுத்தில் இன்னொரு சொல் இருக்கும்: ‘அரவ்’. மெதுவாக என்று பொருள். அதன் கடைசி எழுத்து எஃப். வாயில் வருவதோ ‘வ்’. இந்த ஒரு சொல்லைச் சரியாகச் சொல்லிவிட்டாலே மொழிக்குள் ஒரு கால் வைத்தாயிற்று.

படிப்புக்கோ மருத்துவமனை வேலைக்கோ வருகிற பலர், எல்லாருக்கும் ஆங்கிலம் தெரியுமே, வெல்ஷ் எதற்கு என்று இருந்துவிடுகிறார்கள். 2021ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வேல்ஸில் சுமார் 5,38,000 பேர் வெல்ஷ் பேசுகிறார்கள். நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் என்று வைத்துக்கொள்ளலாம். பெயர்ப்பலகை, அறிவிப்பு, ரயில் நிலையம் என்று எங்கும் இரண்டு மொழியும் இருக்கிறது. தினமும் கண்ணில் படுவதைப் படிக்கத் தெரியாமல் வாழ்வது ஒரு இழப்பு என்றே நினைக்கிறேன். அதிலும் வெல்ஷ் சொற்கள் பிரித்தால் பிரியக்கூடியவை. மூட்டு எங்கே என்று தெரிந்துவிட்டால் ஒரு சொல்லிலிருந்து பத்துச் சொல்லுக்குப் போகலாம். அந்த மூட்டுகளைக் கண்டுபிடிக்கத்தான் இந்தக் கட்டுரை.

முதல் படி: வாயைப் பழக்குங்கள்

வெல்ஷ் நெடுங்கணக்கில் 29 எழுத்துகள். ஆங்கிலத்தைப் போல எழுத்து ஒன்று, ஒலி வேறு என்கிற தொல்லை மிகக் குறைவு. ஒரு வாரம் செலவழித்தால், பொருள் தெரியாவிட்டாலும் எந்தப் பலகையையும் வாய்விட்டுப் படித்துவிடலாம். ஆங்கில ஒலிகளை மட்டும் மனதிலிருந்து இறக்கி வைத்துவிட வேண்டும்.

டபிள்யூ இங்கே பெரும்பாலும் உயிரெழுத்து. ‘உ’ என்று ஒலிக்கும். சி, டபிள்யூ, எம் என்று மூன்றெழுத்தைப் பார்த்து உயிரெழுத்தே இல்லையே என்று திகைக்க வேண்டாம். அது ‘கும்’, பள்ளத்தாக்கு. சி எப்போதுமே ‘க’தான், ஒருநாளும் ‘ச’ ஆகாது. எஃப் ஒற்றையாக வந்தால் ‘வ’, இரட்டையாக வந்தால் ‘ஃப’. இரண்டு டி சேர்ந்தால் நாம் ‘அது’ என்று சொல்லும்போது வரும் மெல்லிய ‘த’. ஆங்கிலேயர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய இந்த ஒலி நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. சிஎச் என்பது ‘அஃது’ என்பதில் உள்ள ஆய்தத்தைத் தொண்டையில் இன்னும் கொஞ்சம் அழுத்தினால் வருவது.

யூ எழுத்து தெற்கு வேல்ஸில் ‘இ’. வடக்கே போனால் அது நம் குற்றியலுகரத்துக்கு நெருக்கமாக, ‘காது’, ‘மாடு’ என்பவற்றின் கடைசியில் உதடு குவியாமல் வருகிறதே, அப்படி ஒலிக்கும். ஒய் எழுத்து சொல்லின் கடைசி அசையில் ‘இ’, அதற்கு முந்தைய அசைகளில் பாதி விழுங்கிய ‘அ’. அதனால்தான் நாட்டின் பெயர் ‘சிம்ரூ’ இல்லை, ‘கம்ரி’. மொழியின் பெயர் ‘கம்ராய்க்’.

இரட்டை எல் தனிப் பாடம். ழகரம், ளகரம் எல்லாம் கைவசம் இருக்கிறது என்று நம்பி இறங்கினால் ஏமாந்துபோவோம். இந்த ஒலி நம்மிடம் இல்லை. நாக்கை ‘ல்’ சொல்லும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குரல் கொடுக்காமல் நாக்கின் பக்கவாட்டில் காற்றை மட்டும் ஊதுங்கள். வருகிற சீறல்தான் அது. இந்தக் கட்டுரையில் அதை ‘ஹ்ல’ என்று எழுதுகிறேன். முழுப் பொருத்தம் இல்லை, நினைவுக்கு ஒரு குறி.

அழுத்தம் பெரும்பாலும் கடைசிக்கு முந்தைய அசையில் விழும். சரி, இப்போது தெருவுக்குப் போகலாம்.

இரண்டாம் படி: ஊர்ப் பெயர்களைத் துண்டாக்குங்கள்

பத்துப் பதினைந்து துண்டுகள் தெரிந்தால் வேல்ஸ் வரைபடத்தில் பாதி புரிந்துவிடும். ‘அபெர்’ என்றால் ஆறு கடலிலோ இன்னொரு ஆற்றிலோ கலக்கும் முகத்துவாரம். ஆங்கிலத்தில் ஸ்வான்சீ என்று அறியப்படும் நகரம் வெல்ஷில் ‘அபெர்டவே’, அதாவது டவே ஆற்றின் முகத்துவாரம். ‘கைர்’ என்றால் கோட்டை. தலைநகர் கார்டிஃபின் பெயர் ‘கைர்டீத்’, டாவ் ஆற்றுக் கோட்டை. ‘பென்’ தலை அல்லது முனை, ‘பொன்ட்’ பாலம், ‘அனிஸ்’ தீவு, ‘மனித்’ மலை, ‘அவொன்’ ஆறு. இந்தக் கடைசிச் சொல் எல்லை தாண்டி இங்கிலாந்துக்குள்ளும் நிற்கிறது. அங்கே ஓடும் ஏவன் ஆறுகளின் பெயர் இதே பழைய பிரித்தானியச் சொல்தான். ‘ரிவர் ஏவன்’ என்று சொல்பவர் ‘ஆறு ஆறு’ என்று சொல்கிறார்.

அதிகம் கண்ணில் படுவது ‘ஹ்லன்’. முதலில் வேலி போட்ட இடம், பிறகு தேவாலய வளாகம், அப்புறம் அதைச் சுற்றி வளர்ந்த ஊர். அதன் பின்னால் வருவது பெரும்பாலும் ஒரு புனிதரின் பெயர். ஹ்லன்டிட்னோ என்றால் டிட்னோ என்ற புனிதரின் தேவாலயம். பொன்டப்ரீத் என்ற ஊர்ப் பெயருக்குள் பாலமும் மண்வீடும் இருக்கின்றன: ‘மண்வீட்டருகே உள்ள பாலம்’. ‘பென்வ்ரோ’, ஆங்கிலத்தில் பெம்ப்ரோக், நிலத்தின் முனை. போய்ப் பார்த்தால் அது வேல்ஸின் தென்மேற்கு மூலையில்தான் இருக்கிறது.

நாட்டின் பெயரையும் இங்கேயே பிரித்துவிடலாம். ‘வேல்ஸ்’ என்பது பழைய ஆங்கிலத்தில் ‘அந்நியர்’ என்று பொருள்பட்ட சொல்லிலிருந்து வந்தது. கிழக்கிலிருந்து வந்து குடியேறியவர்கள் அங்கே ஏற்கெனவே இருந்தவர்களை அப்படி அழைத்தார்கள். கார்ன்வாலின் ‘வால்’, வால்நட்டின் ‘வால்’ இரண்டும் அதே சொல். அந்த மக்களோ தங்களைக் ‘கம்ரி’ என்று சொல்லிக்கொண்டார்கள். அதன் பழைய வடிவம் ‘கொம்ப்ரோகி’: ‘கொம்’ கூட, ‘ப்ரோக்’ நாடு, அதாவது ஒரே மண்ணின் கூட்டாளிகள். பென்வ்ரோவின் கடைசியில் பார்த்த ‘ப்ரோ’வும் இதே ‘ப்ரோக்’தான். இரண்டு பெயரும் இன்று ஒரே பலகையில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. இதைத் தெரிந்துகொண்ட பிறகு என்னால் அந்தப் பலகையைச் சும்மா கடந்துபோக முடிவதில்லை.

மூன்றாம் படி: முதலெழுத்து மாறினால் பயப்படாதீர்கள்

புதியவர்கள் பெரும்பாலும் திணறி விலகுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். வெல்ஷில் ஒரு சொல்லுக்கு முன்னால் என்ன வருகிறது என்பதைப் பொறுத்து அதன் முதல் மெய் மாறும். எல்லையில் ‘வேல்ஸுக்கு நல்வரவு’ என்ற பலகையில் ‘க்ரோய்சோ இ கம்ரி’ என்றிருக்கும். அந்தக் ‘கம்ரி’ சி எழுத்தில் தொடங்காது, ஜி எழுத்தில் தொடங்கும். ‘வேல்ஸில்’ என்று சொன்னால் ‘அங் ஙம்ரி’. நமக்கு ‘அங்ஙனம்’ சொல்லத் தெரியும் என்பதால் இதுவும் வந்துவிடும்.

நம் எழுத்தில் இரண்டு ககரமும் ஒன்றே என்பதால் காதால் பிடித்துக்கொள்ளுங்கள். கடல் என்பதில் வரும் க, கிராமம் என்பதில் வரும் கவாகிறது. படம் என்பதில் வரும் ப, பயம் என்பதில் வரும் பவாகிறது. டீ என்பதில் வரும் ட, டாக்டர் என்பதில் வரும் முதல் டவாகிறது. ம, ப (பயத்தில் வருவது) இரண்டும் ‘வ’ ஆகும். இரட்டை எல் ஒற்றை எல்லாகும். கிராமத்தில் வரும் க அடியோடு காணாமலே போகும்.

இது ஏன் என்று புரிந்தால் மனப்பாடம் பாதி குறையும். தமிழில் ‘கல்’ என்னும்போது வன்மையாக ஒலிக்கும் ககரம், ‘பகல்’ என்று நடுவில் வரும்போது மெலிகிறது அல்லவா? வெல்ஷ் பிறந்த மூதாதை மொழியிலும் இரண்டு உயிருக்கு நடுவில் வந்த மெய் மெலிந்தது. பிற்காலத்தில் முந்தைய சொல்லின் கடைசி உயிர் தேய்ந்து விழுந்துவிட்டது. மெலிவு மட்டும் தங்கிவிட்டது. நாம் ஒலியை மாற்றி எழுத்தை மாற்றாமல் விடுகிறோம், அவர்கள் எழுத்தையும் சேர்த்து மாற்றுகிறார்கள்.

இதை என் மனதில் நிலைக்க வைத்தது ஒரு சுவர். கெரெடிகியோன் பகுதியில் ஹ்லன்ஹ்ரஸ்டிட் ஊருக்கு அருகே, சாலையோரத்தில் இடிந்த வீட்டின் சுவர் ஒன்று நிற்கிறது. சிவப்பு வண்ணத்தின் மேல் வெள்ளையில் ‘கோவியூஃ ட்ரவெரின்’ என்று எழுதியிருக்கிறது. ட்ரவெரினை நினைவில் வையுங்கள் என்று பொருள். லிவர்பூல் நகரத்தின் தண்ணீர்த் தேவைக்காக ட்ரவெரின் பள்ளத்தாக்கில் அணை கட்டினார்கள். வெல்ஷ் பேசிய கேபெல் கெலின் என்ற சிற்றூர், தேவாலயம், பள்ளிக்கூடம் எல்லாவற்றோடும் 1965இல் நீருக்கடியில் போனது. சுவரில் உள்ள பெயர் டாக்டர் டகரத்தில் தொடங்குகிறது. வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. டீ டகரத்தில் தேட வேண்டும். நினைவில் வையுங்கள் என்ற ஏவலுக்குப் பின்னால் வந்ததால் முதலெழுத்து மெலிந்திருக்கிறது.

ஆக, ஒரு சொல் அகராதியில் கிடைக்கவில்லை என்றால் மெலிவை அவிழ்த்துப் பாருங்கள். ‘வ’வில் தொடங்கினால் ‘ம’விலும் ‘ப’விலும் தேடுங்கள். உயிரெழுத்திலோ டபிள்யூவிலோ தொடங்கினால் முன்னால் ஒரு ஜி போட்டுப் பாருங்கள். தோட்டம் ‘கார்த்’, ‘அந்தத் தோட்டம்’ என்றால் ‘அர் ஆர்த்’, ஜி போய்விட்டது. கைப்பேசியில் இந்தக் குறிப்பை மட்டும் எழுதி வைத்துக்கொண்டால் முதல் மூன்று மாதத்தை ஓட்டிவிடலாம்.

நான்காம் படி: பயிற்சிக்கு ஒரு நீளப் பெயர்

ஆங்கில எழுத்துக் கணக்கில் 58, வெல்ஷ் கணக்கில் 51 எழுத்து கொண்ட ஊர்ப் பெயர் ஒன்று ஆங்கில்ஸி தீவில், வெல்ஷில் சொன்னால் அனிஸ் மோனில், இருக்கிறது. 1860களில், ரயிலில் வருபவர்களை ஈர்க்க வேண்டுமென்றே நீட்டிய பெயர் அது. ஊர்க்காரர்கள் ‘ஹ்லன்வைர்புஹ்ல்’ என்று நிறுத்திக்கொள்கிறார்கள். சுற்றுலாக்காரர்கள் அதை ஒரே மூச்சில் சொல்லப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறார்கள். உட்கார்ந்து பிரித்தால் மூன்றாம் படியின் பயிற்சித்தாளே அதுதான்.

ஹ்லன், தேவாலயம். வைர், அதாவது மெலிந்த ‘மைர்’, மரியாள். புஹ்ல், குட்டை அல்லது பள்ளம். க்வின், வெள்ளை. கிஹ்ல், ஹேசல் மரங்கள். கடல் ககரம் கிராமக் ககரமாகிவிட்டது. கோகெர், அருகே. அ, ‘அந்த’. ஹ்விர்ன், வேகமான. ட்ரோபுஹ்ல், சுழல், ‘ட்ரோ’ திரும்புதல், அதோடு மறுபடியும் அந்தப் ‘புஹ்ல்’. ஹ்லன்டசிலியோ, டசிலியோ புனிதரின் தேவாலயம். கடைசியில் கோகோ, ‘ஓகொவ்’ என்ற குகை. கோஃ, சிவப்பு. சேர்த்துப் படித்தால்: வேகச் சுழலுக்கும் செங்குகை டசிலியோ தேவாலயத்துக்கும் அருகே, வெள்ளை ஹேசல் மரப் பள்ளத்தில் உள்ள மரியாள் தேவாலயம். மைர், கிஹ்ல், ட்ரோபுஹ்ல், கோஃ நான்கும் முதல் மெய் மெலிந்து நிற்பதைக் கண்டுபிடித்துவிட்டீர்களானால் தேறிவிட்டீர்கள்.

ஐந்தாம் படி: அலுவலகப் பலகைகளில் விகுதியைப் பாருங்கள்

‘வா’ என்று முடிந்தால் பெரும்பாலும் இடம். ‘அஹ்லன்’ வெளியே, ‘அஹ்லன்வா’ வெளியேறும் வழி. ‘மெதிக்’ மருத்துவர், லத்தீன் மெடிக்குஸிலிருந்து வந்தது. ‘மெதக்வா’ மருத்துவரைப் பார்க்கப் போகும் இடம். மருந்துக்கடைக்கு ‘ஃபெரஹ்ல்வா’. இந்தச் சொல்லை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ‘ஃபெரிஹ்ல்’ என்பது வர்ஜில் என்ற ரோமானியக் கவிஞரின் வெல்ஷ்ப் பெயர். இடைக்கால ஐரோப்பாவில் அவரை மந்திரவாதி என்று நம்பினார்கள். கவிஞர் பெயர் மந்திரவாதிக்கும், அதிலிருந்து ரசவாதிக்கும், அதிலிருந்து மருந்து கலப்பவருக்கும் போனது. இன்று தலைவலி மாத்திரை வாங்கப் போகிறவர் வர்ஜிலின் பெயர் எழுதிய கடைக்குள் நுழைகிறார்.

வேல்ஸின் மிக உயர்ந்த மலையும் இதே விகுதியில் முடிகிறது. 1,085 மீட்டர் உயரமுள்ள ஸ்னோடனின் வெல்ஷ்ப் பெயர் ‘அர் உயித்வா’. அடிச்சொல் ‘குயித்வா’, கல்லறை மேடு இருக்கும் இடம். ‘அந்த’ என்ற சொல் முன்னால் வந்ததும் ஜி விழுந்துவிட்டது. ரிட்டா என்ற அரக்கன் அங்கே புதைந்திருப்பதாகக் கதை. அந்தத் தேசியப் பூங்காவின் நிர்வாகம் இனி வெல்ஷ்ப் பெயரையே பயன்படுத்துவது என்று 2022இல் முடிவெடுத்தது.

‘டி’ என்று முடிந்தால் வீடா என்று பாருங்கள். ‘டீ’ என்றாலே வீடு. ‘பொபி’ சுடுவது, ‘பொப்டி’ ரொட்டி சுடும் அடுப்பு. ‘க்வெஸ்டி’ விருந்தினர் வீடு, அதாவது ஹோட்டல். ‘அஸ்பட்டி’ மருத்துவமனை, லத்தீனில் விருந்தினரைக் குறித்த சொல்லோடு ‘டீ’ சேர்ந்தது. இங்கே வேலைக்கு வரும் செவிலியர்கள் தினமும் பார்க்கும் சொல் இது.

காவல்துறை வண்டியில் ‘ஹெத்லி’ என்றிருக்கும். ‘ஹேத்’ அமைதி, ‘ஹ்லி’ படை: அமைதிப் படை. இந்த ‘ஹேத்’ ஒரு கவிஞரின் புனைபெயரிலும் இருக்கிறது. எல்லிஸ் ஹம்ப்ரி எவன்ஸ் என்ற ஆட்டுப்பண்ணை இளைஞர் ‘ஹேத் வின்’ என்ற பெயரில் எழுதினார். ‘க்வின்’ வெள்ளை, தூய, அருள்பெற்ற என்றும் பொருள். தூய அமைதி என்று பெயர் வைத்துக்கொண்டவர் முதல் உலகப் போரில், 1917 ஜூலை 31 அன்று, பாஷண்டேல் சண்டையில் இறந்தார். சில வாரங்கள் கழித்து தேசிய ஐஸ்டெத்வொட் என்ற கவிதை, இசைப் போட்டி விழாவில் அவர் கவிதைக்குப் பரிசாக நாற்காலி அறிவித்தபோது எழுந்து வர ஆள் இல்லை. நாற்காலியைக் கறுப்புத் துணியால் மூடினார்கள். ‘ஐஸ்டெத்’ உட்கார்தல், ‘போட்’ இருத்தல். விழாவின் பெயரிலேயே உட்கார்தல் இருக்கிறது.

ஆறாம் படி: லத்தீன் படலத்தைச் சுரண்டுங்கள்

ரோமானியர்கள் கி.பி. 43 முதல் சுமார் 410 வரை பிரித்தானியாவை ஆண்டார்கள். அவர்கள் விட்டுச் சென்ற சொற்கள் வீட்டுக்குள் எல்லா அறையிலும் கிடக்கின்றன. ‘ஃபெனெஸ்டர்’ ஜன்னல், ‘ஹ்லிவர்’ புத்தகம், ‘எக்லுயிஸ்’ தேவாலயம், ‘பொன்ட்’ பாலம். ‘அஸ்கொல்’ என்றால் பள்ளிக்கூடம்; ஏணிக்கும் அதே ‘அஸ்கொல்’. ஒன்று லத்தீன் ஸ்கோலாவிலிருந்தும் இன்னொன்று ஸ்காலாவிலிருந்தும் வந்து ஒரே வடிவத்தில் முடிந்தன. ‘டஸ்கி’ என்ற வினைக்குக் கற்றல், கற்பித்தல் இரண்டும் பொருள்.

கிழமைகள் தமிழருக்கு இலவசம். ஆங்கிலத்தில் வோடன், தோர் என்று வடதேசத் தெய்வங்கள் நடுவில் புகுந்துவிட்டன. வெல்ஷில் ஏழும் நம்மைப் போலவே கோள்களின் வரிசை. ‘டீத்’ நாள். டீத் ஹ்லீன் நிலவு, திங்கள். டீத் மௌர்த் மார்ஸ், செவ்வாய். மெர்ஹெர் புதன். யாய் வியாழன். க்வெனெர் வீனஸ், வெள்ளி. சாடுர்ன் சனி. சீல் ஞாயிறு. ஒரு மாலை போதும்.

மாதங்களில் சில லத்தீன், சில மண்ணிலிருந்தே முளைத்தவை. செப்டம்பர் ‘மெடி’, அறுவடை. ஜூலை ‘கொர்ஃபென்னவ்’, கோடையின் முடிவு. அக்டோபர் ‘ஹட்ரெவ்’, இதற்குள் ‘ஹீத்’ என்ற கலைமானும் ‘ப்ரேவ்’ என்ற கதறலும் இருக்கின்றன, கலைமான்கள் இணை தேடிக் கதறும் மாதம். நவம்பர் ‘டாஹ்வெத்’, குளிர்காலத்துக்கு முன் கால்நடைகளை வெட்டும் மாதம். டிசம்பர் ‘ஹ்ரக்விர்’, அதில் ‘பிர்’ குறுகியது. பகல் நான்கு மணிக்கே இருட்டும்போது இந்தப் பெயரின் நியாயம் புரியும்.

நிறங்களில் ஒரு எச்சரிக்கை. ‘கிளாஸ்’ என்றால் நீலம் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் புல் ‘கிளாஸ்வெஹ்ல்ட்’. வானத்துக்கும் பசும்புல்லுக்கும் அது ஒரே சொல்லாக இருந்தது. பச்சைக்கான ‘க்விர்த்’ லத்தீன் விரிடிஸிலிருந்து வந்தது.

ஏழாம் படி: எல்லாரும் கேட்கும் நான்கு சொற்கள்

‘ஹிராய்த்’. மொழிபெயர்க்கவே முடியாத சொல் என்று இதைப் பற்றி ஓயாமல் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ‘ஹிர்’ நீண்ட, ‘ஆய்த்’ துயரம் என்று பிரிப்பார்கள். வெல்ஷுக்கு நெருங்கிய உறவான கார்னிஷ், பிரெட்டன் மொழிகளிலும் இதன் உடன்பிறப்புகள் உண்டு. இறந்தவரை நினைத்தோ, விட்டுவந்த ஊரை நினைத்தோ, திரும்பாத காலத்தை நினைத்தோ வரும் ஏக்கம். நம் ‘ஏக்கம்’ பெரும்பாலான இடங்களில் இதற்குப் போதும். கவனிக்க வேண்டியது அதைச் சொல்லும் விதம்: ‘மாய் ஹிராய்த் அர்னா இ’, என் மேல் ஏக்கம் இருக்கிறது. சளியும் பயமும் அப்படியே ஒருவர் ‘மேல்’ இருக்கும். 1865இல் மிமோசா என்ற கப்பலில் ஏறி அர்ஜென்டினாவின் படகோனியாவுக்குப் போய்க் குடியேறிய வெல்ஷ் மக்கள் இந்தச் சொல்லையும் கொண்டுபோனார்கள். அந்தக் குடியேற்றத்தின் பெயர் ‘அ வ்லட்வா’. ஜி விழுந்திருக்கிறது, கடைசியில் ‘வா’ இருக்கிறது. ‘க்வ்லாட்’ நாடு என்று நான் சொன்னால் மீதியை நீங்களே பிரித்துவிடுவீர்கள்.

‘குட்ச்’ தெற்கு வேல்ஸின் செல்லச் சொல், அணைத்துக்கொள்வது. வெல்ஷின் மொழிக்குடும்பமான கெல்டிக்கின் தொன்மையான சொல் என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் ஆங்கிலத்தில் படுக்கையைக் குறித்த கௌச் என்ற சொல்லிலிருந்து வந்தது. மாடிப்படிக்குக் கீழே உள்ள அலமாரியும் குட்ச், கரி போட்டு வைக்கும் மூலையும் குட்ச். ஒடுங்கிக்கொள்ளும் சிறிய இடம் என்பதிலிருந்து கைகளுக்குள் ஒடுங்குவது வந்தது. கடன் வாங்கிய சொல் என்பதால் அதன் கதகதப்பு குறைந்துவிடவில்லை.

‘ஹுயில்’ கப்பலின் பாய். காற்று நிரம்பிய பாய் போல மனம் நிறைவதும் ஹுயில், கேளிக்கையும் ஹுயில், பிரசங்கத்தில் குரல் பாட்டாக ஏறும் வேகமும் ஹுயில். விடைபெறும்போது ‘ஹுயில் வௌர்’. பெரிய ஹுயில்; ‘மௌர்’ பெரிய, பெண்பாற்சொல்லின் பின்னால் வந்ததால் மெலிந்திருக்கிறது.

‘கனெவின்’ ஆட்டுக்காரர்களின் சொல். வேலியில்லாத மலையில் ஒரு மந்தை தனக்குப் பழகிய பகுதியை விட்டுப் போகாது. தாயாட்டைத் தொடர்ந்து குட்டியும் அந்த இடத்தைப் பழகிக்கொள்ளும். அந்தப் பழகிய நிலம் கனெவின். மனிதருக்கும் அது பொருந்தியது. 2022இல் நடைமுறைக்கு வந்த வேல்ஸின் புதிய பாடத்திட்டத்திலும் இந்தச் சொல் இடம்பெற்றிருக்கிறது.

எட்டாம் படி: யாரிடம் பேசுகிறீர்கள் என்று பாருங்கள்

வடக்கும் தெற்கும் வேறு. தெற்கில் பாட்டி ‘மம்-கீ’, தாத்தா ‘டாட்-கீ’. ‘கீ’ அன்பான. பாட்டிக்கு மட்டும் ககரம் மெலியும், தாத்தாவுக்கு மெலியாது. பெண்பாலுக்கும் ஆண்பாலுக்கும் உள்ள விதி குடும்பப் பெயரிலேயே உட்கார்ந்திருக்கிறது. வடக்கில் ‘நைன்’, ‘டைட்’. பால் தெற்கில் ‘ஹ்லாய்த்’, வடக்கில் ‘ஹ்லெவ்ரித்’. டீ குடிக்க அழைத்தால் வடக்கில் ‘பனெட்’ காதில் விழும். ‘குபனைட்’, அதாவது ஒரு கோப்பை நிறைய, என்பதன் தலை தேய்ந்தது.

‘இப்போது’ என்பதற்குத் தெற்கில் ‘நௌர்’, வடக்கில் ‘ரூவன்’. எழுதிப் பார்த்தால் ஒன்றைத் திருப்பிப் போட்டால் மற்றொன்று. வடக்கத்திக்காரர்கள் தலைகீழாக்கிவிட்டார்கள் என்று கதை சொல்வார்கள், நம்பாதீர்கள். முன்னது ‘அன் அவுர்’, பின்னது ‘அர் அவுர் ஹொன்’. இரண்டிலும் இருப்பது ‘அவுர்’, மணி நேரம், லத்தீன் ஹோராவிலிருந்து வந்தது.

இப்படிக் கதைகள் நிறைய உலவுகின்றன. ஸ்னோடன் மலைப்பகுதியின் பெயரான ‘எரரி’ கழுகைக் குறிக்கும் ‘எரிர்’ என்பதிலிருந்து வந்தது என்று நெடுங்காலம் சொன்னார்கள். அறிஞர்கள் இன்று அதை மேட்டுநிலம் என்றே கொள்கிறார்கள். ஒரு சொல்லின் பிறப்பு அழகான கதையாக இருந்தால் அகராதியைத் திறந்து பார்த்துவிட்டுப் பிறருக்குச் சொல்லுங்கள்.

அதற்கு வேண்டிய அகராதி இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. 1921இல் சொல் சேகரிக்கத் தொடங்கி, முதல் பகுதியை 1950இல் வெளியிட்டு, முதல் பதிப்பை 2002இல் முடித்தார்கள். 2014 முதல் இணையத்தில் பார்க்கலாம். ஒவ்வொரு சொல்லும் எந்த ஆண்டு எழுத்தில் வந்தது, எந்த மொழிக்கு உறவு என்று அதில் இருக்கும். அதன் பெயர் ‘கெய்ர்யாடிர் ப்ரிவஸ்கொல் கம்ரி’. கிராமக் ககரத்தில் தொடங்கும் ‘கைர்’ சொல் (கோட்டையான ‘கைர்’ கடல் ககரத்தில் தொடங்குவது), ‘ப்ரீவ்’ முதன்மையான. மற்ற துண்டுகளை நீங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள், பிரித்துப் பாருங்கள்.